வாடகையைக் கூட்டச் சொன்னவள்

முந்தலில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் மர்ளியாவின் சம்பல் போத்தல்களைத் திருப்பிக் கொடுத்த அன்றுதான் அவளுடைய வியாபாரம் உண்மையில் தொடங்கியது. அதற்கு முன்னர் அவள் செய்துவந்ததை வியாபாரம் என்று ஒருவரும் சொல்லவில்லை. "வீட்டுல சும்மா இருக்காம ஏதோ செய்யுது" என்றுதான் சொன்னார்கள்.

அவள் செய்தது கூனிச் சம்பல். கடலோரக் களப்பில் பிடிபடும் பொடி இறாலைக் காயவைத்து, வறுத்து, செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்து இடித்து, எண்ணெயில் நன்றாக வதக்கி எடுப்பது. ஈரம் போகும்வரை அடுப்பை விட்டு நகராமல் கிண்டினால் கெடாமல் இருக்கும். கரைத்தீவுக் குடியிருப்பில் பல பெண்களுக்கு இது தெரியும். பழைய ஜாம் போத்தல்களைக் கொதிநீரில் அவித்து, அவற்றில் அடைத்து, பாலாவியிலும் முந்தலிலும் கடை கடையாக ஏறி இறங்கியவள் மர்ளியா மட்டும்தான்.

"சாமான் நல்லம், தங்கச்சி" என்றார் கடைக்காரர். "ஆனா போன கிழமை சுகாதாரம் பரிசோதிக்கிற பி.எச்.ஐ. மாத்தயா வந்து, லேபல் இல்லாத போத்தல் எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போயிட்டார். பதிஞ்ச நம்பர் இல்லாம இனி வைக்க ஏலாது. ஆர் செஞ்சது, எங்க செஞ்சது என்டு போத்தல்ல இருக்க வேணும்."

"நான்தான் செஞ்சன். கரைத்தீவுல."

"அது எனக்குத் தெரியும். போத்தலுக்குத் தெரியாதே."

போத்தல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது அவள் அந்த இரண்டு கேள்விகளையும் யோசித்தாள். யார் செய்தது என்பதற்கு அவளிடம் பதில் இருந்தது. எங்கே செய்தது என்பதற்குத்தான் இல்லை.

சமையலறை நின்ற நிலம் மீராசாஹிப் ஹாஜியாருடையது. 1990ஆம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களை ஆயுதம் தாங்கிய இயக்கம் வெளியேற்றியபோது, மர்ளியாவின் வாப்பா அஹமட், மனைவியையும் சிறுமியாக இருந்த அவளையும் வள்ளத்தில் ஏற்றிக் கற்பிட்டியில் கரையிறங்கினார். கையில் இரண்டு பைகள். ஒன்றில் உடுப்பு. மற்றதில் மன்னார்க் காணியின் உறுதிப்பத்திரம். பரம்பரையாகப் புத்தளத்தில் வாழ்ந்த தென்னந்தோட்டக்காரரான மீராசாஹிப், அவர்களைப் போல வந்த ஏழெட்டுக் குடும்பங்களுக்குத் தன் தோட்டத்தில் இடம் கொடுத்தார். ஒரு சதம் கேட்கவில்லை. வீதியோரத்து மூலை அஹமட்டுக்குக் கிடைத்தது. ஓலைக் குடிசை சில வருடங்களில் கல்வீடானது. மர்ளியா அங்கேதான் வளர்ந்தாள். பாலாவியில் உப்பு லொறி ஓட்டும் அன்ஸாரைக் கல்யாணம் முடித்து அங்கேதான் இருந்தாள். பின்பக்கத்தில் தகரம் போட்ட சமையலறையையும் அங்கேதான் கட்டினாள்.

ஹாஜியார் கொடுத்தது பெரிய உதவி. அதில் சந்தேகம் இல்லை. வந்த மக்களுக்கு நிலம் கொடுக்கவேண்டிய அரசாங்கம் அதைச் செய்யாமல் வருடக்கணக்காக நிவாரண அட்டையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு தனிமனிதர் அந்த வேலையைச் செய்தார். ஆனால் அரசு செய்யவேண்டியதை ஒருவருடைய இரக்கத்தின் தலையில் கட்டிவிட்டால், பெறுகிறவனுக்கு உரிமை என்று ஒன்றும் மிஞ்சுவதில்லை. விழுந்த தேங்காய்களைப் பொறுக்கி ஹாஜியாரின் கொட்டிலில் அடுக்குவது அந்தக் குடும்பங்களின் வேலை. ஹாஜியார் வீட்டில் கல்யாணம் என்றால் அந்தப் பெண்கள்தான் விடியும்முன் போய்ச் சட்டி கழுவுவார்கள். இதற்குக் கூலி என்று பெயர் இல்லை. வாடகை என்றும் பெயர் இல்லை. நன்றி என்று பெயர்.

தோட்டத்தின் வடக்குப் பக்கத்தை ஹாஜியார் ஒருமுறை விற்றார். அங்கே இருந்த நான்கு குடும்பங்களையும் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, கண் கலங்கி, மாதம் முடிவதற்குள் இடத்தை விட்டு எழும்பச் சொன்னார். அவர்களும் கண் கலங்கி எழும்பிப் போனார்கள். எவரும் எவருக்கும் அநியாயம் செய்ததாக நினைக்கவில்லை.

மர்ளியா முதலில் போனது கிராம உத்தியோகத்தரிடம். வியாபாரப் பெயரைப் பதிய அவருடைய உறுதிப்படுத்தல் தேவை.

"காணி ஆர்ட?" என்று கேட்டார் அவர்.

"மீராசாஹிப் ஹாஜியார்ட."

"அப்ப, அந்த இடத்துல செய்ய ஆட்சேபனை இல்ல என்டு ஹாஜியார்கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. மத்தது, இதை மாப்பிள்ளைட பேர்ல போடலாமே. பொம்பிளை அலையத் தேவல்ல."

"அவருக்குச் சம்பல் தின்ன மட்டும்தான் தெரியும், சேர்."

உத்தியோகத்தர் சிரித்துவிட்டு, பிரதேச செயலகத்தில் பெண் முயற்சியாளர்களுக்கு வகுப்பு நடப்பதாகச் சொன்னார். நடத்தியவள் றிஸ்னா என்ற அபிவிருத்தி உத்தியோகத்தர். கொழும்பில் அச்சடித்த வகுப்புத் தாளில் உதாரணமாக இருந்தது அப்பிள் ஜூஸ் வியாபாரம். புத்தளத்தில் அப்பிள் எங்கே காய்க்கிறது என்று றிஸ்னாவே கேட்டு, தாளை மூடிவைத்துவிட்டு, ஒவ்வொருத்தியும் தன் தொழிலுக்குச் சொந்தமாகத் திட்டம் எழுதவேண்டும் என்றாள். மிளகாய், கூனி, எரிவாயு, போத்தல், பஸ் கட்டணம், கிண்டுகிறவளின் கூலி. தன் உழைப்புக்கும் ஒரு விலை உண்டு என்பதை மர்ளியா அன்றுதான் எழுத்தில் பார்த்தாள். வாடகை என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினாள்.

றிஸ்னா அந்த இடத்தில் நின்றாள். "இல்லையா, குடுக்கிறதில்லையா?"

"குடுக்கிறதில்ல, மிஸ்."

"அப்ப உங்களுக்காக வேற ஒருத்தர் குடுக்கிறார். அரைக்கிற மெஷின் வாங்கப் போறீங்க, சுவருக்கு டைல்ஸ் ஒட்டப் போறீங்க. அவர் நாளைக்கு எழும்பச் சொன்னா டைல்ஸை என்ன செய்வீங்க?"

"அவர் நல்ல மனுஷன், மிஸ்."

"இருக்கலாம். அதை இந்தத் தாள்ல எந்த இடத்துல எழுதுறது?"

மர்ளியாவுக்குக் கோபம் வந்தது. வகுப்பு முடிந்த பின் அவளே போய் என்ன செய்யலாம் என்று கேட்டாள். ஆட்சேபனை இல்லை என்ற கடிதம் பதிவுக்குப் போதும், ஆனால் கொடுத்தவர் நினைத்தால் அடுத்த நாளே திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்றாள் றிஸ்னா. சில வருடங்களுக்கு நிற்கவேண்டும் என்றால் பத்திரம் எழுதும் நொத்தாரிசு முன்னால் வாடகை ஒப்பந்தம் எழுதி, காணிப் பதிவகத்திலும் பதியவேண்டும். அப்படிப் பதிந்தால் காணி கைமாறினாலும் வாங்கியவன் தவணை முடியும்வரை பொறுக்கவேண்டும்.

ஹாஜியார் விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகன் ஃபஸ்லான் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடிதமா மகள்? இப்பவே எழுதித் தாறன். ஒன்ட சம்பல் கொழும்புக்கும் போக வேணும்" என்றார் ஹாஜியார்.

"கடிதம் இல்ல ஹாஜியார். எக்ரிமென்ட். வீட்டுக்கும் சம்பல் செய்யிற குசினிக்கும் சேத்து, வாடகைக்கு. அஞ்சு வருஷம்."

"ஆருக்கு வாடகை?"

"ஒங்களுக்கு."

"இவ்வளவு வருஷமா ஒன்ட வாப்பாக்கிட்ட ஒரு சதம் கேட்டிருப்பனா?"

"இல்ல. அதுதான் பிரச்சினை."

ஹாஜியாரின் முகம் மாறியது. "அகதிக்கு ஒதுங்கக் குடுத்த இடத்துக்கு மீராசாஹிப் வாடகை வாங்குறான் என்டு நாளைக்குப் பள்ளிவாசல்ல கதைப்பாங்க. நான் அல்லாஹ்வுக்காகக் குடுத்தது. மறுமைக்குச் சேத்து வெச்சது. அதை நீ காசாக்கப் பாக்கிறாய்."

ஃபஸ்லான் போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "வாப்பா, லெட்டரைக் குடுத்து அனுப்புங்க. அஞ்சு வருஷத்துக்கு எழுதினா, பிறகு நாங்க ஒன்டும் செய்யேலாது."

"தம்பி உண்மையைச் சொல்லிட்டார், ஹாஜியார்" என்றாள் மர்ளியா.

அன்று அவளுக்குத் தேநீர் வரவில்லை. அந்த வீட்டில் தேநீர் வராமல் அவள் திரும்பியது அதுவே முதல் தடவை.

அவள் வீடு வந்து சேரும்முன் செய்தி வந்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டு மைமூனா குடத்தை நிரப்பிக்கொண்டே கேட்டாள்: "ஹாஜியார்ட காணியை எழுதி எடுக்கப் போறியாமே. எங்களையும் வாடகைக்கு வெச்சிக்கொள்ளுவியா, இல்லாட்டி எழும்பச் சொல்லுவியா?"

"ஒங்களுக்கு வாடகை கூட, மைமூனாத்தா. வாய்க்கும் சேத்து எடுக்க வேணும்."

அஹமட்டின் கோபம் அப்படிச் சிரிப்பில் போகவில்லை. மகளோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தார். பிறகு அலுமாரியைத் திறந்து, பொலித்தீன் பையில் சுற்றிய மன்னார் உறுதியை எடுத்து அவள் முன்னால் போட்டார். போர் முடிந்தபின் ஒருமுறை போய்ப் பார்த்துவந்த காணி அது. பற்றை மூடி, கிணறு தூர்ந்து கிடந்தது.

"இந்தா. முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கு. இதை வெச்சிக்கொண்டுதான் எழும்பி வந்தோம். எழுத்து எங்களைக் காப்பாத்திச்சா? பேப்பர் ஒன்டும் கேக்காத மனுஷன்தான் காப்பாத்தினார். அவருக்கிட்டப் போய்ப் பேப்பர் கேக்கிறாய். நன்றி கெட்ட சாதி என்டு நாளைக்கு ஊர் சொல்லும்."

"சுடுற துவக்குக்கு முன்னால பேப்பர் நிக்காது வாப்பா. ஓம். அன்டைக்கு ஒன்டும் நின்டிருக்காது. இப்ப துவக்கு எங்க இருக்கு? இப்ப மாறுறது மனுஷர்ட மனம். காணி விலை ஏறினா மாறும், ஹாஜியார் கண்ணை மூடி மௌத்தாகினா மாறும். அதுக்கு முன்னால பேப்பர் நிக்கும்."

"ஹாஜியார் மௌத்தாகிறதை நீ கணக்குப் பாக்கிறியா?"

"நானும் மௌத்தாகுவன். அதுக்கும்தான் எழுதுறது."

கிழவரின் வாதத்தில் ஒரு பிழை இருந்தது. இலட்சக்கணக்கான மனிதர்கள் அதே பிழையைச் செய்திருக்கிறார்கள். சட்டம் ஒருமுறை தங்களைக் கைவிட்டதால் சட்டமே தேவையில்லை என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். அந்த முடிவால் இலாபம் அடைந்தவர்கள் நிலம் வைத்திருந்தவர்கள் மட்டுமே. அவர்கள் தங்கள் உறுதிகளை இரும்புப் பெட்டியில்தான் பூட்டி வைத்திருந்தார்கள். மன்னாரில் உறுதி தோற்றது என்று அவர்கள் அதைக் கிழித்துப் போடவில்லை.

மர்ளியா பாலாவிச் சந்திக்குப் போய், டயர்க் கடைக்குப் பக்கத்தில் பூட்டிக்கிடந்த ஓர் அறையைப் பார்த்தாள். உரிமையாளர் அவளுக்கு முன்பின் தெரியாதவர். வாடகை சொன்னார், முற்பணம் சொன்னார், ஒப்பந்தத்துக்கு மறுபேச்சு இல்லை. தெரியாத மனிதரிடம் எல்லாம் எவ்வளவு சுலபம் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. வாடகையும் லொறிப் புகையும்தான் கூடுதல். அன்ஸாரையும் அழைத்துப் போய்க் காட்டிவிட்டு, நேரே ஹாஜியாரிடம் வந்தாள். மிரட்ட வரவில்லை. சொல்லாமல் போவது சரியில்லை என்று வந்தாள்.

"பாலாவியில இடம் பாத்திட்டன், ஹாஜியார். அடுத்த மாசம் குசினியைக் கழட்டுறன். வாப்பாவையும் அங்கால எடுக்க யோசிக்கிறம்."

ஹாஜியார் திகைத்துப்போனார். "ஊர் என்ன சொல்லும்? அஹமட்டைக் கடைசிக் காலத்துல மீராசாஹிப் எழுப்பிட்டான் என்டு சொல்லும்."

"நீங்க எழுப்பல்ல என்டு நான் சொல்லுறன்."

"நீ சொன்னா ஆர் நம்புவாங்க?"

"எக்ரிமென்ட் இருந்தா நம்புவாங்க."

மூன்றாம் நாள் அவரே வீதியோரம் வந்து நின்று கூப்பிட்டார். "வாடகை வாங்குறன். ஆனா அந்தக் காசை நான் தொட மாட்டன். பள்ளிக்குக் குடுத்திடுவன்."

"வாங்கின பிறகு கடல்ல போட்டாலும் ஒங்கட இஷ்டம். பற்றுச்சீட்டு மட்டும் என்ட பேர்ல தாங்க."

நொத்தாரிசின் அறை புத்தளம் நகரில் ஒரு மாடிப்படிக்கு மேலே இருந்தது. ஹாஜியார், ஃபஸ்லான், மர்ளியா, அன்ஸார் எல்லோரும் உட்கார்ந்தார்கள். விவரங்களை எழுதிக்கொண்டு வந்த நொத்தாரிசு பேனையை நிறுத்தி, "வாடகை?" என்றார்.

"நூறு ரூபா" என்றார் ஹாஜியார்.

"ஒரு நாளைக்கா, மாசத்துக்கா?"

"வருஷத்துக்கு."

"இல்ல சேர்" என்றாள் மர்ளியா. "மாசம் நாலாயிரம் போடுங்க."

"இவளுக்குப் பைத்தியம். ஐநூறு போடுங்க."

"பாலாவியில ஆறாயிரம் கேட்டாங்க. இது சந்தியை விட்டுத் தள்ளி இருக்கிற இடம். நாலாயிரம் நியாயம்."

"எழுநூறு. அதுக்கு மேல ஒரு சதம் கூட்டினாலும் நான் எழும்பிப் போவன்."

நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "வாடகைக்கு வாறவங்க குறைக்கச் சொல்லிச் சண்டை பிடிக்கிறதைப் பாத்திருக்கிறன். நான் இப்ப ஆரைச் சமாதானப்படுத்துறது?"

அன்ஸார் மனைவியின் காதில், "எழுநூறுக்கு ஓம் சொல்லன். கட்டப் போறது நாங்கதானே" என்றான்.

அவள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "நூறும் எழுநூறும் வாடகை இல்ல, தர்மம்தான். பேப்பர்ல எழுதின தர்மம். நாளைக்குத் தம்பி வந்து, சும்மா மாதிரித்தானே இருந்தனீங்க, எழும்புங்க என்டு சொல்லலாம். சரியான வாடகை கட்டுறவளைப் பாத்து அப்படிக் கேக்க அவருக்கும் வெக்கமா இருக்கும். ஹாஜியார், நீங்க வாப்பாவுக்குக் குடுத்தது தர்மம். அதை நான் தொடல்ல, அது ஒங்களுக்கே இருக்கட்டும். நான் கேக்கிறது யாவாரம்."

ஹாஜியார் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நிலத்தில் குடியிருந்தவர்களில் ஒருத்தி தன்னோடு சரிசமமாக வியாபாரம் பேசுவதை அவர் முன்னர் கண்டதில்லை. அவரும் வியாபாரிதான். கொப்பரா விலையில் கொழும்புக்காரர்களோடு மல்லுக்கட்டியவர்.

"மூவாயிரம்" என்றார் கடைசியில்.

"ஓம்" என்றாள்.

அவள் இரண்டு விடயங்களை எழுதச் சொன்னாள். தவணை முடிந்து எழும்ப வேண்டுமென்றால் மூன்று மாதம் முன்னால் எழுத்தில் சொல்லவேண்டும். அவள் பொருத்தியது எதுவானாலும் கழற்றிக்கொண்டு போக அவளுக்கு உரிமை உண்டு. சாட்சிகள் இருவர் கையெழுத்திட வேண்டியிருந்தது. ஒருவர் நொத்தாரிசின் எழுதுவினைஞர். மற்றவன் ஃபஸ்லான்.

ஒப்பந்தத்தைக் காணிப் பதிவகத்திலும் பதிந்தார்கள். அதன் பிறகு வேலைகள் மெதுவாக நடந்தன. கிராம உத்தியோகத்தர் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை பற்றி எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். பிரதேச செயலகத்தில் வியாபாரத்தின் பெயர் என்ன என்று கேட்டார்கள். மதீனா என்றும் பறக்கத் என்றும் சொந்தக்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் "மர்ளியா உணவு உற்பத்தி" என்று பதிந்தாள். சுகாதாரப் பரிசோதகர் இரண்டு முறை வந்தார். முதல்முறை, கழிவுநீர் வாய்க்கால் திறந்து கிடக்கிறது, யன்னலுக்கு வலை இல்லை, சுவர் கழுவக்கூடியதாக இல்லை என்று எழுதிக் கொடுத்துப் போனார். அஹமட்டுக்கு அது தொந்தரவாகப் பட்டது. அவளுக்குப் படவில்லை. என்ன செய்யவேண்டும் என்று ஒருவர் எழுத்தில் சொன்னால் அதைச் செய்துவிடலாம். இரண்டாம் முறை வந்தபோது டைல்ஸ் மின்னியது. பிரதேச சபையின் அனுமதிப்பத்திரமும் கிடைத்தது.

முந்தல் கடைக்காரர் புதுப் போத்தலைத் திருப்பித் திருப்பி வாசித்தார். "ஹா, இப்ப போத்தலுக்கும் தெரியும்" என்றார்.

ஒவ்வொரு மாதமும் அவள் வாடகையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஹாஜியார் முதல் சில மாதங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பற்றுச்சீட்டு எழுதினார். பிறகு தேநீர் வந்தது. பிறகு, போன மாதம் எத்தனை போத்தல் போனது என்று கேட்கத் தொடங்கினார். சட்டி கழுவ அவர் வீட்டிலிருந்து அவளுக்கு அழைப்பு வருவது நின்றுபோனது. அடுத்த கல்யாணத்துக்கு அழைப்பிதழ் வந்தது.

நான்காம் வருடம் ஹாஜியார் மௌத்தானார். நாற்பதாம் நாள் கழிவதற்குள், கொழும்பிலிருந்து ஒரு கம்பனி இறால் பண்ணைக்கு அந்தத் தோட்டத்தை நல்ல விலைக்குக் கேட்டது. ஃபஸ்லான் மர்ளியாவின் குசினி வாசலில் வந்து நின்றான்.

"அவசரமாக் கேக்கிறாங்க, மர்ளியாத்தா. ஒங்கட மூலைதான் ரோட்டுப் பக்கம். அது இல்லாம மத்ததை எடுக்க மாட்டாங்களாம்."

"எக்ரிமென்ட்ல இன்னும் ஒரு வருஷம் இருக்கே, தம்பி."

"வாப்பா ஒங்களுக்குச் சும்மா குடுத்த இடம்..."

"சும்மா குடுத்தது முந்தி. பிறகு வாடகைக்கு விட்டது. சாட்சிக்கு ஒங்கட கையெழுத்து இருக்கு. பாக்கப் போறீங்களா?"

அவன் தலையைச் சொறிந்தான். "அன்டைக்கே வாப்பாக்கிட்டச் சொன்னன்."

"ஓம். நானும் கேட்டுக்கொண்டுதானே இருந்தன்."

கம்பனி பொறுத்தது. பொறுக்காமல் வேறு வழி இல்லை. கடிதம் ஒன்றும் இல்லாத மைமூனாவும் மற்ற இரண்டு குடும்பங்களும் அந்த ஒரு வருடம் அங்கேயே இருந்தார்கள், வேறு இடம் தேட நேரம் கிடைத்தது. மைமூனா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் பிரதேச செயலகத்துக்கு எந்த பஸ்ஸில் போவது என்று ஒருநாள் மர்ளியாவிடம் கேட்டாள்.

மூன்று மாத அறிவித்தல் எழுத்தில் வந்தது. அதற்குள் மர்ளியா பாலாவியில் வீட்டோடு சேர்ந்த பெரிய இடம் ஒன்றைப் பத்து வருடத்துக்கு எழுதிவிட்டாள். இம்முறை வாடகையைக் குறைக்கச் சொல்லித்தான் சண்டை பிடித்தாள். கடைசி நாள் அன்ஸார் லொறியைக் கொண்டுவந்து பின்பக்கமாக விட்டான். அரைக்கும் மெஷின் ஏறியது, அடுப்புகள் ஏறின, யன்னல் வலைகள் ஏறின, உடையாமல் கழன்ற டைல்ஸ் சாக்கில் ஏறியது. ஃபஸ்லான் வந்து ஒரு கை கொடுத்தான். எவரும் கண் கலங்கவில்லை.

அஹமட் முன் ஆசனத்தில் பொலித்தீன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாமான்கள் ஏறுவதைக் கண்ணாடியில் பார்த்தபடியே இருந்தவர், திடீரென்று தலையை வெளியே நீட்டினார்.

"என்ன புள்ள, கதவையும் கழட்டிட்டியா?"

"அது நான் போட்ட கதவு, வாப்பா."

"அவங்க ஒன்டும் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லேலாது. எழுதியிருக்கு."

கிழவர் கதவு இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப நிலைச் சட்டத்தை ஏன் விட்டுட்டு வாறாய்? அதுவும் நீ போட்டதுதானே" என்றார்.

அன்ஸார் லொறியின் எஞ்சினை நிறுத்திவிட்டு, நிலையைப் பெயர்க்க அலவாங்கை எடுத்துக்கொண்டு இறங்கினான்.